லோ ஆனா யாருக்குச் சொல்றது?

பேரணாம்பட்டு பக்கத்துல எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தர் ஆம்பூருக்கு ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறார். விடியறதுக்கு முன்னாடி கம்பெனி பஸ், அப்புறம் மாலை வரைக்கும் அப்பர் தைக்கிற லைன். அவருடைய ஒன்பது வயது மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய். அந்தப் பிள்ளைக்காக அவர் போனில் வைத்திருக்கும் ஆப்பை ஒருநாள் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

டைப் 1 தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. நம்ம வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் சுகர் இல்லை இது. இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிறது. மாத்திரையால் சமாளிக்க முடியாது, தினமும் பல முறை ஊசி போட வேண்டும். ஊசி கொஞ்சம் கூடினாலோ சாப்பாடு குறைந்தாலோ சுகர் 70க்குக் கீழே இறங்கிவிடும். அதைத்தான் ‘லோ’ என்கிறார்கள். கை நடுங்கும், வியர்க்கும், விட்டால் வலிப்பு வரைக்கும் போகும்.

பிள்ளையின் கையில் ஒட்டியிருந்தது 14 நாள் தாங்கும் சென்சார். ஒன்று சுமார் ஐயாயிரம் ரூபாய் என்பதால் எப்போதாவதுதான் வாங்குகிறார்கள், மற்ற நாட்களில் விரல் குத்தி ஸ்டிரிப் சோதனை. போனை அருகே கொண்டுபோய் ஸ்கேன் பண்ணினால் மட்டும் அளவைக் காட்டும் வகை அது. கடைசி எட்டு மணி நேரக் கணக்குத்தான் அதன் நினைவில் நிற்கும். போனோ அக்காவிடம் இருக்கிறது, லைனுக்கு வெளியே லாக்கரில். சாயங்காலம் ஆறரைக்கு வந்து ஸ்கேன் பண்ணினார். பத்தரைக்கு முன்னால் கோடே இல்லை, காலை ஊசிக்கு அப்புறம் நடந்தது அத்தனையும் போச்சு. அதற்குப் பிறகு கோடு அழகாக வளைந்து பதினொன்று இருபதுக்கு 58ஐத் தொட்டிருந்தது. ஏழு மணி நேரம் கழிச்சு நாங்க அதைப் பார்த்துக்கிட்டு இருந்தோம்.

அலாரம் அடிக்கிற புது சென்சார் வாங்கினால் சரியாயிடும்னு தோணும். ஆனால் போன் சென்சாருக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அடிக்கும், போனோ லாக்கருக்குள்ளே!

இந்த மாதிரி ஏற்பாடு யாருக்காக யோசிக்கப்பட்டது என்று பார்த்தால் விஷயம் புரிகிறது. 2013ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜான் காஸ்டிக் என்ற மென்பொருள் பொறியாளர், தன் சின்னப் பையனின் சென்சார் அளவைத் தான் வேலை செய்யும் இடத்திலிருந்தே பார்க்க ஒரு வழி பண்ணினார். மற்ற பெற்றோர்களும் சேர, அது ‘நைட்ஸ்கவுட்’ என்ற இலவச மென்பொருளாக வளர்ந்தது. அருமையான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அப்பாவின் வேலையே திரைக்கு முன்னால்தான். அளவைப் பார்த்த நிமிஷம் பள்ளிக்குப் போன் போடலாம், எடுக்கிறவருக்கும் லோ என்றால் என்னவென்று சொல்லிப் புரியவைக்கலாம். அளவைத் தூரத்தில் இருக்கும் பெற்றோரிடம் சேர்த்துவிட்டால் போதும் என்ற நினைப்பு, நான் பார்த்த ஆப்பிலும் அப்படியே இருக்கிறது.

இங்கே அது போதாது. அன்று பதினொன்று இருபதுக்கு நடந்ததைப் பிள்ளையே சொன்னாள். கை நடுங்குது என்று டீச்சரிடம் போய், பையில் இருந்த மிட்டாயைச் சாப்பிடக் கேட்டிருக்கிறாள். “சுகர் இருக்கிற புள்ள மிட்டாய் திங்கலாமா? அம்மா வந்து திட்டுவாங்க”ன்னு டீச்சர் வாங்கி வைத்துவிட்டார். பக்கத்துப் பிள்ளை கொடுத்த சத்துணவுதான் காப்பாற்றியது. டீச்சர் கெட்டவர் இல்லை. சுகர்னா இனிப்பு ஆகாதுன்னு ஊரே சொல்லும்போது அவர் மட்டும் வேறென்ன செய்வார்?

அந்த நிமிஷத்தில் ஆப் என்ன வைத்திருந்தது? சிவப்பு நிறம், ஒரு எண், ‘லோ’ என்ற ஆங்கிலச் சொல். உடனே சர்க்கரை கொடு என்று தமிழிலோ உருதுவிலோ ஒரு வரி இல்லை. இத்தனைக்கும் ஆம்பூரில் நிறைய வீடுகளில் உருதுதான் பேச்சு. உணவுப் பட்டியலில் ஐதராபாத் பிரியாணி இருக்கிறது, ஆம்பூர் பிரியாணி இல்லை என்பது சிரிச்சுட்டுப் போகிற விஷயம். அதைவிடப் பெரிய குறை, கொழுப்பு அதிகமான சாப்பாட்டில் சுகர் மெதுவாக, பல மணி நேரம் கழித்து ஏறும் என்று எங்கேயும் சொல்லாமல், அரிசி எத்தனை கப் என்று மட்டும் கேட்பது.

ஒரு விஷயத்தில் ஆப்புக்கு நன்றி சொல்லணும். அந்த 58ஐக் காட்டின பிறகுதான் டீச்சர் உட்கார்ந்து கேட்டார். அக்கா அரை நாள் லீவு போட்டுப் போயிருந்தார், அதற்குச் சம்பளம் பிடித்தம்.

இப்போது பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸில் ஒரு தாள் இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்தேன், டாக்டரிடம் காட்டித் திருத்தி வாங்கினோம். நடுங்கினாலோ வியர்த்தாலோ உடனே டாக்டர் சொன்ன அளவு குளுக்கோஸ், 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதனை, மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108. அதே தாள் டீச்சர் மேஜை கண்ணாடிக்கு அடியிலும் இருக்கிறது. அடுத்த வருஷம் டீச்சர் மாறுவார், அதற்கு இன்னொரு அரை நாள் லீவு என்று அக்கா இப்போதே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.