மலைநாட்டு ஜீப்புகளும் மாற்று இஞ்சின்களும்

அடிமாலியிலிருந்து பள்ளிவாசல் வழியாக மூணாறுக்கு ஏறும் சாலையிலும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் கல்லும் குழியுமான தடத்திலும், தோட்டத் தொழிலாளியையும் அரிசி மூட்டையையும் நோயாளியையும் ஒருங்கே சுமந்து வந்த ஜீப்பை, இம்மலைநாட்டு மக்கள் ஆடம்பர வாகனமாக ஒருகாலும் கருதியதில்லை. 1940-களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனத்தார் நம் நாட்டில் இணைக்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் பெட்ரோல் இஞ்சின், 2199 சி.சி. கொள்ளளவும் 60 குதிரைத் திறனும் உடைய உத்தமமான யந்திரமே. ஆயினும் ஏற்றத்தில் அது குடிக்கும் பெட்ரோலுக்கு வாடகை வருமானம் ஈடுகொடாமையால், அதைக் கழற்றிவிட்டு, பிற்கால மஹிந்திரா ஜீப்புகளில் வந்த 2112 சி.சி. பெஜோ டீசல் இஞ்சினையோ வேறு டீசல் இஞ்சினையோ ஏற்றிக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியது.

அவ்வழக்கத்தை நான் மதிக்கிறேன். பழைய இரும்புக்குக் காயலான் கடையில் எடைபோடப்படும் விதியிலிருந்து விமோசனம் அளித்து, குறைந்த செலவில் ஒரு குடும்பத்தின் ஜீவனோபாயத்தை மீட்டுத் தருவதும், வரைபடம் ஒன்றும் கையில் இல்லாமல் இரண்டு வெவ்வேறு யந்திரங்களை இசைவிப்பதும் சாமானியமான சாமர்த்தியம் அல்ல. எனினும் அச்சாமர்த்தியம் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அதுவே இஞ்சின் மவுண்டிங்.

பட்டறையில் நடப்பதைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். செயின் பிளாக்கில் தொங்கும் இஞ்சின் மெல்ல இறங்குகிறது. சேஸிஸில் உள்ள பழைய பிராக்கெட்டின் துளையும் மவுண்டிங்கின் துளையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. உடனே கடப்பாரையால் நெம்பி, அதுவும் போதாவிட்டால் கேஸ் கட்டிங்கால் துளையை நீளமாக்கி, உயரக் குறைவுக்கு இரண்டு மூன்று வாஷர்களை அடுக்கி, போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள். இஞ்சின் உட்கார்ந்துவிட்டது என்றே எல்லோரும் நம்புகிறார்கள். உண்மையில் மவுண்டிங்கிலுள்ள ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டபடி நிரந்தரமாக வருந்திக்கொண்டிருக்கிறது. போல்ட்டைத் தளர்த்திய கணமே இஞ்சின் ஒரு விரற்கடை விலகி நிற்பதே அதற்குச் சாட்சி.

எடையைத் தாங்குவதும் அதிர்வை அடக்குவதுமே அந்த ரப்பரின் தொழில். இஞ்சின் எக்கோட்டில் நிற்கவேண்டும் என்று நிர்ணயிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அது கியர் பாக்ஸுக்கு உரியது. கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர் பாக்ஸின் உள் ஷாஃப்டின் மையமும் ஒரே நேர்கோட்டில் அமையவேண்டும் என்பதால், அவ்விரண்டையும் இணைக்கும் அடாப்டர் பிளேட்டில் ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு பிசகுவதுகூடப் பொருட்படுத்தத்தக்கதே. பிசகு மிகுந்தால் கிளட்ச் பிளேட் தேய்வதும், முன் பேரிங் ஊளையிடுவதும், ஏற்றத்தின் நடுவே கியர் தானே நழுவுவதும் காலக்கிரமத்தில் தொடரும். பின்புறத்திலோ, கியர் பாக்ஸிலிருந்து வெளிவரும் ஷாஃப்டும் டிஃபரன்ஷியல் பினியனும் இணைகோடுகளாக இருந்தால்தான், அவற்றை இணைக்கும் புரொப்பல்லர் ஷாஃப்டின் ஒரு முனையிலுள்ள கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தை மறுமுனைக் கிராஸ் சமன்செய்ய முடியும். முன் மவுண்டிங்கை வாஷர் வைத்து உயர்த்தும்போது கியர் பாக்ஸின் வால் தாழ்ந்து அந்த இணைநிலை குலைவதைக் கண்ணளவு காட்டுவதில்லை. டீசல் இஞ்சினின் கூடுதல் எடையும் உதறலும் சேர்ந்துகொள்ளவே, பிராக்கெட்டின் வெல்டிங்கே விரிசல் காண்கிறது.

மவுண்டிங் போல்ட்டுகளைத் தளர்வாகவே விட்டு, இஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அது தன் இருப்பிடத்தைத் தானே கண்டுகொண்ட பின் முறுக்கும் பழைய மெக்கானிக்குகளின் வழக்கம் மிகச் சிறந்தது. ஆனால் அது ஓரிரு மில்லிமீட்டர் பிசகையே திருத்தும், அரை அங்குலக் கோணலை அல்ல. கோணலைத் திருத்த வேலையின் வரிசையையே தலைகீழாக்க வேண்டும்: முதலில் இஞ்சினையும் கியர் பாக்ஸையும் பூட்டி, பின்பக்கக் கோணத்தை அளந்து நிறுத்தி, ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலும், ஸ்பிரிங் முழுதும் அமுங்கும்போது ஆயில் சம்ப்புக்கும் முன் ஆக்ஸிலுக்கும் இடையிலும் போதிய இடைவெளி உண்டா என்று பார்த்து, அதற்கேற்பப் புதிய பிராக்கெட் செய்து, புள்ளி வெல்டிங் வைத்துச் சரிபார்த்த பிறகே இஞ்சினை இறக்கி முழு வெல்டிங் இடவேண்டும்.

இன்னொரு குறை பட்டறைக்கு வெளியே இருக்கிறது. பதிவுச் சான்றின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அனுமதியின்றி ரகசியமாக நடக்கும் வேலையை எவரும் பரிசோதிப்பதில்லை; ஒருவர் கண்ட அளவு அடுத்தவருக்குப் போய்ச் சேருவதும் இல்லை.

ஆகவே வண்டி உடைமையாளர்களிடம் என் வேண்டுகோள் இது: ஆர்.டி. ஆபீஸில் முதலில் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் பட்டறைக்கு அவகாசமும் அதற்குரிய கூலியும் கொடுங்கள். துளையை நீட்டி வாஷர் அடுக்கிய வண்டியைப் பயணிகளுடன் மலையேற்றாதீர்கள்.