கல்லறைத் தோட்டத்துப் புல்லும் நமது இறையியலும்

இங்கிலாந்தின் பல சபைகளில் கல்லறை நிலத்தின் ஒரு பகுதியை இளவேனில் முதல் ஜூலை இறுதிவரை அறுக்காமல் விடும் வழக்கம் பரவியுள்ளது. பூக்கள் விதைத்து முடிந்த பின்னரே, சபையாரும் ஊராருமான தொண்டர்கள் கூடிப் புல்லை அறுக்கின்றனர். அறுத்ததை வாரி அகற்றுகின்றனர். அது மட்கி மண் கொழுத்தால் முரட்டுப் புற்கள் ஓங்கிப் பூச்செடிகளை அமுக்கிவிடும் என்பதே காரணம். 1930களுக்குப் பின் அந்நாடு தன் பூம்புல்வெளிகளில் ஏறக்குறைய 97 விழுக்காட்டை இழந்தது. உழவும் உரமும் எட்டாத கல்லறை நிலங்கள் எஞ்சிய புகலிடங்களுள் சிலவாயின. ‘கேரிங் ஃபார் காட்ஸ் ஏக்கர்’ என்னும் அமைப்பு இப்பணியில் சபைகளுக்கு வழிகாட்டுகிறது.

இம்முயற்சியை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துச் சபைகளாகிய நாம் எவ்வாறு மதிப்பிடுவது? மேல்நாட்டார் பொழுதுபோக்கு என்று தள்ளுவதும் தவறு. அவர்களுடைய நாட்காட்டியை அப்படியே எடுத்துக்கொள்வதும் தவறு. கொள்ள வேண்டியது கொள்கையே, தேதியன்று.

புளிய வனம் என்று பொருள்படும் திந்திரிவனமே திண்டிவனமாயிற்று என்பர். அவ்வாறு மரத்தால் பெயர்பெற்ற இம்மண் வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழ்வது. ஐப்பசி மழையில் தளிர்க்கும் தும்பையும் விஷ்ணுகிராந்தியும் கொழுஞ்சியும் மழையை ஒட்டிப் பூத்து, பெரும்பாலும் தை, மாசிக்குள் விதைத்துவிடுகின்றன. நாமோ நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளை முன்னிட்டு, மழையின் நடுவிலேயே மண்வெட்டியால் நிலத்தை வேரோடு செதுக்குகிறோம். சில இடங்களில் களைக்கொல்லியும் தெளிக்கிறோம். இவ்வாறு வெறுமையான மண்ணில் முதலில் குடியேறுவது பார்த்தீனியமே. தூய்மை செய்வதாக எண்ணிக் களைக்கு இடம் பண்ணுகிறோம்.

மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சுட்டிய மலர் இன்னதென்று அறுதியிட அறிஞரால் இயலவில்லை. நம் பழைய மொழிபெயர்ப்பு அதனைக் ‘காட்டுப்புஷ்பங்கள்’ என்றே கூறிற்று. பயிரிடாத, பெயரறியாத பூவைக் குறிக்கும் இச்சொல் மிகப் பொருத்தமானது. அங்குள்ள கிரேக்க வினைச்சொல்லும் வெறும் பார்வையையன்று, நன்கு கற்றலையே குறிக்கும். நம் மொழிபெயர்ப்பு சரியாகவே இருக்கிறது. நம் நடைமுறைதான் பிழைத்தது. குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாக வைத்துவிட்டு, கற்கும்படி சொல்லப்பட்ட பூவை நாம் செதுக்கி எறிகிறோம்.

மறுப்புரைகளும் உள்ளன. புல் மண்டிய கல்லறை மரித்தோர்க்கு அவமதிப்பு என்று குடும்பத்தார் வருந்துவர், பாம்புக்கு அஞ்சுவர். இவை புறக்கணிக்கத் தக்கவையல்ல. எனவே நவம்பரில் நடைபாதைகளையும் கல்லறைகளைச் சுற்றியும் மட்டும் அறுப்போம், ஓரங்களை விட்டுவைப்போம். பார்த்தீனியத்தையும் சீமைக் கருவேலங்கன்றுகளையும் பூக்குமுன்பே, கையுறை அணிந்து பிடுங்குவோம். முழு அறுப்பை லெந்து நாட்களில், உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முன் வைத்துக்கொள்வோம். அப்பொழுது விதை முற்றி உதிர்ந்திருக்கும். விதையைக் கொண்டு உயிர்த்தெழுதலை விளக்கிய பவுலடிகளின் போதனையைக் கல்லறையருகே வாசிக்கும் நாம், அங்கேயே விதை முற்றவிடாமல் அறுப்பது பொருந்துமா?

மேல்நாட்டு முன்மாதிரி கேளாத கேள்வி ஒன்றுண்டு. இங்கே புல் செதுக்குவோர் பெரும்பாலும் கூலிப் பெண்கள். நாம் தொண்டர்களைத் திரட்டி அவர்களுடைய கூலியைப் பறித்தல் ஆகாது. மூக்கிரட்டை எது, கீழாநெல்லி எது என்று அறிந்தவர்களும் அவர்களே. அவர்களை ஆசிரியர்களாக அமர்த்தி, அதற்கும் ஊதியம் தருவதே முறை.

இறுதியாக ஒன்று. கல்லறை நிலத்தைச் சாதிவாரியாகப் பிரிக்கும் கேடு தமிழகத் திருச்சபையில் இன்னும் அற்றுப்போகவில்லை. தும்பைக்கு ஓரத்தில் இடம் ஒதுக்கிவிட்டு, உடன் சகோதரனின் உடலுக்கு இடம் மறுக்கும் சபையின் பசுமை வெறும் பசப்பேயாகும். அந்தச் சுவர் முதலில் விழட்டும். அது நின்ற இடத்திலும் தும்பை பூக்கும்.