பெயரனும் பாட்டனும்

பேரன் என்று நாம் பேச்சில் சொல்லுவதைப் பெயரன் என்று விரித்துச் சொல்லுவார்கள், தமிழ் கற்ற பெரியவர்கள். பாட்டனுடைய பெயரைத் தாங்குகிறவன் என்று அர்த்தம். பெயரைக் கொடுப்பதில் சிரமம் ஒன்றுமில்லை. தொட்டிலின் அருகே குனிந்து குழந்தையின் காதில் மூன்று தரம் சொன்னால் தீர்ந்தது. பாட்டனாருடைய தேக வலுவும், முன்கோபமும், சொன்ன சொல் தவறாத குணமும் அந்தப் பெயரோடு கூட வருமா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இருபது வருஷம் காத்திருக்க வேண்டும்.

மோட்டார் வண்டிகளின் விஷயத்தில் அவ்வளவு காலம் பொறுக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் லாண்ட் ரோவர் கம்பெனி தன்னுடைய பழைய டிபெண்டர் வண்டியை 2016-ம் ஆண்டு ஜனவரி மாதம் நிறுத்திவிட்டு, மூன்றரை வருஷம் கழித்து, 2019 செப்டம்பரில், அதே பெயரில் ஒரு புதிய வண்டியை பிராங்க்பர்ட் நகரத்துக் கண்காட்சியில் கொண்டுவந்து நிறுத்தியது. சாலையே இல்லாத இடங்களில் போவதற்கென்று பிறந்தது பழையது. அதன் பெயரைச் சுமக்கப் புதியதற்குத் தகுதி உண்டா என்ற சண்டை அன்று தொடங்கியது. இன்னும் ஓய்ந்தபாடில்லை.

கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சண்டையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். முடிந்துபோன நாவலுக்கு இரண்டாம் பாகம் எழுதும்படி எனக்குக் கடிதம் போடுகிற அன்பர்கள் உண்டு. முதல் பாகத்தில் செத்துப்போன கிழவரை எப்படியாவது பிழைக்க வைத்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. பிழைக்க வைக்கலாம். அதே நாலு முழ வேஷ்டியைக் கட்டி, அதே பொடி டப்பாவைக் கையில் கொடுத்து, அதே திண்ணையில் உட்கார வைத்துவிடலாம். அவர் வாயைத் திறந்து பேசுகிறபோதல்லவா தொல்லை ஆரம்பமாகிறது! ஆகவே இது என் தொழிலைச் சேர்ந்த விவகாரமும்தான்.

பாட்டனுடைய கதையை முதலில் பார்த்துவிடுவோம். ரோவர் கம்பெனியின் தலைமை எஞ்சினீயர் மாரிஸ் வில்க்ஸ் என்பவருக்கு வேல்ஸ் பகுதியில் ஆங்கிள்ஸீ என்ற தீவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே உழைப்பதற்கு அவர் வைத்திருந்தது, யுத்தத்தில் அடிபட்டுத் தேய்ந்த ஓர் அமெரிக்க ஜீப். இது படுத்துவிட்டால் என்ன செய்வாய் என்று அவருடைய சகோதரர் கேட்டாராம். இன்னொரு ஜீப்தான் வாங்க வேண்டும், வேறென்ன இருக்கிறது என்றாராம் மாரிஸ். கேட்ட சகோதரர் ஸ்பென்ஸர் வில்க்ஸ் அதே ரோவர் கம்பெனியின் நிர்வாகி. 1947-ல் ரெட் வார்ப் பே என்ற கடற்கரையில் ஈர மணலில் குச்சியால் மாரிஸ் ஒரு வண்டியின் உருவத்தை வரைந்து காட்டினார் என்று கதை சொல்லுகிறார்கள். 1948 ஏப்ரல் 30-ந் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்கு அந்த வண்டி வந்துவிட்டது. விலை 450 பவுன்.

இந்தப் பிறப்பில் பெருமைப்பட்டுக்கொள்ளத்தக்க லட்சியம் ஒன்றையும் காணோம். யுத்தம் முடிந்த இங்கிலாந்தில் எஃகுக்குப் பங்கீடு. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறவனுக்குத்தான் எஃகு கிடைக்கும். ரோவர் கம்பெனியோ வசதியான மனிதர்களுக்குக் கார் செய்து பழகியது. அந்தக் கார்கள் மறுபடி விற்கிற வரையில் இரண்டு மூன்று வருஷத்தை ஓட்டுவதற்காகச் செய்ததுதான் லாண்ட் ரோவர். எஃகு இல்லாததால் உடம்புக்கு அலுமினியத் தகடு. ராணுவத்தில் மிஞ்சிய பச்சை வர்ணம் கையிலிருந்ததால் முதல் வண்டிகளெல்லாம் பச்சை. முதல் மாதிரி வண்டியில் டிராக்டரில் இருப்பதுபோல் ஓட்டுகிற சக்கரத்தை நட்டநடுவில் வைத்திருந்தார்கள். அப்புறம் யாரோ புத்தி சொல்லியிருக்க வேண்டும். எஞ்சினிலிருந்து விசையை வெளியே எடுத்து, ரம்பத்தையும் கதிரடிக்கும் யந்திரத்தையும் ஓட்டிக்கொள்ளவும் ஏற்பாடு இருந்தது. மொத்தத்தில் அது ஒரு விவசாயக் கருவி. ஊருக்குப் போக வேண்டியிருந்தால் அதில் ஏறிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இரண்டு மூன்று வருஷத்துக்கென்று செய்தது 68 வருஷம் ஓடியது. சுமார் 20 லட்சம் வண்டிகள் வெளிவந்தன.

இதில் ஒரு வேடிக்கை. டிபெண்டர் என்ற பெயருக்காகத்தானே இத்தனை சண்டை! அந்தப் பெயரே 1990-ல்தான் வந்தது. டிஸ்கவரி என்று இன்னொரு வண்டியை 1989-ல் கொண்டுவந்தார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டிய அவசியம் ஏற்பட்டதால், அதுவரை வெறும் லாண்ட் ரோவராக இருந்த கிழவருக்கு நாற்பத்திரண்டாவது வயதில் நாமகரணம் நடந்தது! அதோடு 90, 110 என்று எண்களும் உண்டு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் அத்தனை அங்குலம் என்று கணக்கு. பழைய 110-ல் அது உண்மை. பழைய 90-ஐ அளந்து பார்த்தால் கிட்டத்தட்ட 93 வரும். மூன்று அங்குலப் பொய், மன்னித்துவிடலாம். புதிய வண்டிக்கும் அதே எண்களைச் சூட்டியிருக்கிறார்கள். புதிய 110-ன் அளவோ 119 அங்குலம். புதிய 90-ன் அளவு 102 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அளவாக இருந்தது அலங்காரமாகிவிட்டது. புதிய வண்டியைப் பற்றி எனக்குள்ள மனஸ்தாபம் முழுவதையும் இந்த ஓர் எண்ணிலேயே அடக்கிவிடலாம். ஆனாலும் அதன் கட்சியையும் கேட்டாக வேண்டுமல்லவா?

பாட்டனைப் பற்றிப் பாடுகிறவர்கள் அவருடைய குறைகளைச் சொல்லமாட்டார்கள். இரண்டு வண்டியிலும் ஏறிப் போயிருக்கிறவன் என்ற முறையில் நான் சொல்லுகிறேன். பழைய டிபெண்டரில் ஓட்டுகிறவருக்கு வலது முழங்கையை வைத்துக்கொள்ள இடம் கிடையாது. ஜன்னலுக்கு வெளியே விட்டுக்கொள்ள வேண்டும். மழை பெய்தால் கதவிடுக்கில் உள்ளே ஒழுகும். அலுமினியத் தகடு துருப்பிடிக்காது என்பார்கள். அடியிலிருக்கிற எஃகுச் சட்டம் நன்றாகவே துருப்பிடிக்கும். இரைச்சலில் பக்கத்திலிருப்பவரோடு பேச முடியாது. புதுமணத் தம்பதிகள் ஏறத்தக்க வண்டி அல்ல. மோதினால் மார்பைக் காக்கிற காற்றுப்பை 2016-ல் நின்றுபோகிற வரைக்கும் அதில் வரவேயில்லை. உள்பாலைவனத்துக்குப் போக வேண்டுமானால் லாண்ட் ரோவரில் போ, திரும்பி வரவேண்டுமானால் டொயோட்டாவில் போ என்று ஆஸ்திரேலியாவில் ஒரு பரிகாசம் உண்டு.

இத்தனை குறை இருந்தும் மனிதர்கள் அதை ஏன் விடாமல் பற்றிக்கொண்டிருந்தார்கள்? என் அபிப்பிராயத்தில், அது தன்னை மறைத்துக்கொள்ளாத வண்டி. கதவின் கீல் வெளியே தெரியும். தகடும் தகடும் சேருகிற இடத்தில் ஆணி தெரியும். நசுங்கிய பகுதியைப் போல்ட்டுகளைக் கழற்றி எடுத்துவிட்டு வேறொன்றைப் பூட்டிக்கொள்ளலாம். கதவு வேண்டாமென்றால் கதவையே கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். இருபது வருஷம் வைத்திருந்தவன் அதன் நட்டு ஒவ்வொன்றையும் அறிவான். நகரத்திலிருந்து இருநூறு மைலுக்கு அப்பால் வழியில் நின்றுபோனால், நின்றதற்குக் காரணத்தை அவனே தேடலாம். தேடினால் பெரும்பாலும் அகப்படும். அந்த வண்டி அடிக்கடி கெட்டது என்பதும், கெட்டால் கையால் திருத்த முடிந்தது என்பதும் ஒரே குணத்தின் இரண்டு முகங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட முடியாது.

இனிப் பெயரன். எடுத்த எடுப்பில் ஒப்புக்கொள்ள வேண்டியது, இவன் கெட்டிக்காரன். பழைய வண்டி அரை மீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கும். புதியது 90 சென்டிமீட்டர் வரை இறங்கும். பழையதில் எஃகுச் சட்டத்தின் மேல் உடம்பைத் தூக்கி வைத்திருந்தார்கள். புதியதில் சட்டமும் உடம்பும் ஒன்றாக, முழுவதும் அலுமினியத்தில் வார்த்தெடுத்தாற்போல் இருக்கின்றன. பழையதில் இரு சக்கரங்களை ஒரே இரும்பு அச்சு கட்டியிருந்தது; புதியதில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்குகிறது. காற்றடைத்த சஸ்பென்ஷன் வைத்த வண்டியாக இருந்தால், மேட்டைக் கண்டதும் பொத்தானை அழுத்த உடம்பை உயர்த்திக்கொள்ளும். சேறா, மணலா, பாறையா என்று அதுவே யூகித்து விசையைப் பங்கிட்டுக் கொடுக்கும். ஐரோப்பியப் பரிசோதனையில் பத்திரத்துக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது. சேற்றுச் சரிவில் என்னைவிடத் தெரிந்தவர்கள் இரண்டையும் இறக்கிப் பார்த்து எழுதியதையெல்லாம் படித்தேன். பாட்டன் திணறுகிற இடத்தில் பெயரன் பாட்டுக் கேட்டுக்கொண்டே போகிறான். காட்டிலும் மேட்டிலும் போகிற திறமை ஒன்றுதான் கேள்வி என்றால் தீர்ப்பு எழுதிவிட்டு எழுந்துவிடலாம். பெயரன் ஜெயித்துவிட்டான்.

ஆனால் உள்ளே ஏறி உட்கார்ந்ததும் ஒன்று கண்ணில் படுகிறது. கதவின் உட்புறத்தில் ஸ்குருத் தலைகளை மூடாமல் தெரியும்படி விட்டிருக்கிறார்கள். எதிரே, மெக்னீஷிய உலோகத்தாலான குறுக்குச் சட்டத்தைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். பாட்டன் ஒன்றையும் ஒளிக்காதவர். நானும் அப்படித்தான் என்று சொல்லுகிற பாவனை. இந்த ஸ்குருவைக் கழற்றி என்ன செய்ய? உண்மையான விவகாரமெல்லாம் டஜன் கணக்கான கம்ப்யூட்டர்ப் பெட்டிகளுக்குள் நடக்கிறது. அவற்றில் ஒன்று முரண்டு பிடித்தால், எத்தனை கெட்டிக்காரனாயிருந்தாலும் சொந்தக்காரன் செய்யக்கூடியது கம்பெனிக்குப் போன் செய்வது. கிழவரின் பொடி டப்பா பத்திரமாக வந்திருக்கிறது. உள்ளே பொடி இல்லை.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வந்தபோதே இங்கிலாந்தில் நாற்பதாயிரம் பவுனுக்கு மேல். 2024-ல் ஆக்டா என்று 635 குதிரைச் சக்தியில் ஒன்று வந்தது. முதல் லாண்ட் ரோவருக்கு இருந்தது சுமார் 50! பின் ஆசனம் இல்லாமல் சாமான் ஏற்றும் மாதிரியும் ஒன்று விற்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விவசாயிகள் ஜப்பானிய பிக்கப் வண்டிகளுக்கு மாறிப் பல காலமாகிவிட்டது. அவர்களைத் திருப்பியழைக்கப் புதியவன் பிறக்கவில்லை. இந்தக் குற்றத்தைப் பெயரன் தலையில் மட்டும் கட்டுவதும் நியாயமில்லை. பாட்டன் கடைசிக் காலத்திலேயே சீமான்கள் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். இருபது லட்சமாவது வண்டி 2015 டிசம்பரில் தரும காரியத்துக்காக ஏலம் போனபோது விழுந்த தொகை நாலு லட்சம் பவுன். பழைய வண்டிகளையே எடுத்துப் புதிதாக்கி, பெரிய எஞ்சின் பொருத்தி, ஒன்றரை லட்சம் பவுனிலிருந்து கம்பெனியே 2018-ல் விற்க ஆரம்பித்தது.

பழையதை அப்படியே தொடர்ந்து செய்திருக்கலாமே என்பவர்களுக்குப் பதில் சுலபம். புகைச் சட்டமும் மோதல் பாதுகாப்புச் சட்டமும் ஐரோப்பாவில் இன்றைக்கு இருக்கிற இருப்பில் அது முடியாது. பிள்ளைகள் ரோட்டில் நடக்கிற ஊரில் அந்தச் சட்டங்களை நான் குறை சொல்லவும் மாட்டேன். வேறொருவர் முயன்று பார்த்தார். ஜிம் ராட்கிளிப் என்ற ரசாயனத் தொழிலதிபர், பழைய டிபெண்டர் நின்றுபோன ஏக்கத்தில், தாம் போகும் லண்டன் மதுக்கடையின் பெயரையே சூட்டி கிரனேடியர் என்றொரு வண்டியைச் செய்தார். எஃகுச் சட்டம், இரும்பு அச்சு, பெட்டி போன்ற உடம்பு எல்லாம் பாட்டனையே உரித்து வைத்தாற்போல் இருந்தன. பழைய உருவம் எங்களுடையது என்று பதிவு செய்துகொள்ள முயன்ற லாண்ட் ரோவர் கம்பெனி 2020-ல் கோர்ட்டில் தோற்றது. ஆகப் பெயர் ஒரு வீட்டிலும் முகஜாடை இன்னொரு வீட்டிலும் வளருகின்றன. முகஜாடைக்காரனும் மலிவாக வரவில்லை. அவனுக்கும் புகைச் சட்டம் உண்டு, கம்ப்யூட்டர் உண்டு. பெயர் ஸ்லோவாக்கியாவில் நிட்ரா நகரத்தில் தயாராகிறது, முகஜாடை பிரான்ஸில். இங்கிலாந்தின் பண்ணைச் சேற்றில் பிறந்தது இரண்டில் ஒன்றுமில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால், புதிய வண்டி நல்ல வண்டி. வேறு பெயர் வைத்திருந்தால் இதைப் புகழ்ந்தே இந்தப் பக்கங்களை நிரப்பியிருப்பேன். பெயரைக் கேட்டதால் பெயருக்குரிய பரீட்சையையும் அது எழுதத்தான் வேண்டும். அந்தப் பரீட்சை ஆற்றில் இறங்குவதல்ல. அதில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டது. தன்னை வைத்திருப்பவனைத் தனக்குள் கைவிட அனுமதிக்கிறதா என்பதுதான் கேள்வி. அதில் தேறவில்லை. 2023-ல் கம்பெனி தன் வீட்டை மாற்றியமைத்தபோது, டிபெண்டர் என்பதையே தனி வர்க்கமாக்கி, லாண்ட் ரோவர் என்ற குடும்பப் பெயரைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். நாற்பத்திரண்டு வருஷம் பெயரில்லாமல் உழைத்தவரை நினைத்தால் இது விநோதமாகத்தான் படுகிறது.

1955-ல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் இரண்டு லாண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்டார்கள். ஐரோப்பா, பாரசீகம், இந்தியா, பர்மா வழியாக 1956 மார்ச்சில் போய்ச் சேர்ந்தார்கள். அவற்றில் ஆக்ஸ்போர்டு என்று பெயரிட்ட வண்டி வெகுகாலம் கழித்து செயின்ட் ஹெலினா தீவில் சிதைந்து கிடந்தது. அதை எடுத்து வந்து பழுது பார்த்து, இம்முறை சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு ஓட்டிக்கொண்டு போக ஏற்பாடு செய்தார்கள். புறப்பட்டது 2019 ஆகஸ்ட். பிராங்க்பர்ட்டில் விளக்கு வெளிச்சத்தில் புதிய டிபெண்டருக்குத் திரை விலக்கிய நாளில் இந்த அறுபத்துச் சொச்சம் வயதுக் கிழம் ஆசியாவின் சாலை ஒன்றில் ஊர்ந்துகொண்டிருந்தது. டிசம்பரில் லண்டன் போய்ச் சேர்ந்தது. பழைய ஆறு பேரில் ஒருவரான டிம் ஸ்லெஸர், எண்பது கடந்த வயதில், தாமும் உடன் போவதாக இருந்தார். புறப்படுகிற சமயத்தில் உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. அவருடைய ஆசனத்தில் ஏறிக்கொண்டு போனவர் அவருடைய பேரன்.