ஒரு வாழைக்கு ஐந்தரை ரூபாய்: சூறைக்காற்று நிவாரணத்தின் நிறையும் குறையும்

தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் காற்றுக்கு முதலில் விழுவது வாழை. வெள்ளியங்கிரி மலையடிவாரத்துத் தோட்டங்களில் பாக்கும் தென்னையும் நெடுநாள் பயிர்கள். சின்ன வெங்காயமும் தக்காளியும் சில மாதங்களில் காசாகிவிடுபவை. இவற்றுக்கு நடுவே, ஓராண்டு உழைப்பையும் முதலையும் ஒரே தாரில் சுமந்து நிற்பது வாழை. சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன்னே வரும் சூறைக்காற்றும், ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே பாயும் பருவக்காற்றும் அதைத்தான் குறிவைக்கின்றன. வாழைத்தண்டு மரமல்ல, இலை உறைகள் ஒன்றை ஒன்று சுற்றிய அடுக்கு. வேரும் ஆழமாக இறங்குவதில்லை. தார் முற்ற முற்றத் தலைப்பாரம் கூடுகிறது. ஆகவே கைக்காசு முழுவதும் செலவாகி, வெட்டுக்குச் சில வாரமே இருக்கும் மரம்தான் எளிதில் முறிகிறது.

அப்படி முறிந்த பிறகு உழவர் குடும்பம் அரசிடம் கேட்பதை ஊரில் ‘நஷ்டஈடு’ என்பார்கள். அரசு ஆவணங்களில் அதன் பெயர் ‘இடுபொருள் மானியம்’. இரண்டு பெயர்களுக்கும் இடையே உள்ள தூரமே இந்த ஏற்பாட்டின் நிறைகளுக்கும் குறைகளுக்கும் மூலம்.

முறை இயங்கும் விதம்

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் குறைந்தபட்ச நிவாரணத்துக்கான தரங்களை வகுக்கச் சொல்கிறது. அதன்படி அமைந்த மாநிலப் பேரிடர் மீட்பு நிதியில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசு 75 சதவீதமும் மாநில அரசு 25 சதவீதமும் தருகின்றன. எந்த இழப்புக்கு எவ்வளவு என்பதை மத்திய உள்துறையின் விதிமுறைப் பட்டியல் நிர்ணயிக்கிறது. 2022 முதல் 2026 வரைக்கான பட்டியலில் மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய். சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரைதான்.

காற்றடித்த மறுநாள் உழவர் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்கிறார். வி.ஏ.ஓ.வும் தோட்டக்கலைத் துறை உதவி அலுவலரும் சேர்ந்து தோட்டத்தைப் பார்க்கிறார்கள். பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், சாய்ந்த வாழையோடு உழவர் நிற்கும் படம் ஆகியவை சேர்ந்து ஒரு கோப்பாகின்றன. பட்டியல் பேரூர் வட்டாட்சியர் அலுவலகம் வழியாக மாவட்ட ஆட்சியருக்கும், அங்கிருந்து சென்னைக்கும் போகிறது. அரசாணை வந்த பின் பணம் நேரே வங்கிக் கணக்கில் ஏறுகிறது.

நிறைகள்

முதல் நிறை, இதற்குப் பிரீமியம் கிடையாது. முன்கூட்டிப் பதிவு செய்யாதவர், காப்பீடு என்றால் என்னவென்று அறியாதவர் ஆகியோரும் சேதமடைந்ததை மட்டும் வைத்துத் தகுதி பெறலாம்.

இரண்டாவது நிறை சரிபார்க்கும் ஏற்பாடு. வருவாய்த் துறை நிலத்தையும் தோட்டக்கலைத் துறை பயிரையும் பார்ப்பதால், ஒருவர் எழுதியதை மற்றவர் ஒப்பிட முடிகிறது. 1980-இல் பரம்பரைக் கர்ணம், மணியகாரர் பதவிகள் ஒழிக்கப்படும் வரை ஊர்க் கணக்கு ஒரு குடும்பத்தின் கையில் இருந்தது. அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இன்று பட்டியலில் வேண்டியவர் பெயரை நுழைப்பதும் வேண்டாதவர் பெயரை நீக்குவதும் கடினம். பணம் வங்கிக்கே போவதால் இடையில் கைமாறும் வாய்ப்பும் குறைந்திருக்கிறது.

மூன்றாவது நிறை வெளியே தெரியாதது. பயிர்க்கடனைத் தள்ளிவைக்கவும் தவணையை மாற்றியமைக்கவும் ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் இதே 33 சதவீதத்தைத்தான் அளவாகக் கொள்கின்றன. ஆகவே சேதத்தை முறைப்படி பதிந்துவைப்பது, நிவாரணத் தொகை சிறியதாக இருந்தாலும், கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிய உழவருக்கு வேறொரு வழியில் உதவக்கூடும். இந்த எல்லை 2015-க்கு முன் 50 சதவீதமாக இருந்தது. குறைத்தது பெரிய திருத்தம் என்பதில் ஐயமில்லை.

அளவுகோலின் குறை

ஆனால் எல்லை எங்கே வைக்கப்பட்டாலும் அது கத்தி முனையாகத்தான் இருக்கிறது. ஆறடிக்கு ஆறடி, அதாவது 1.8 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேரில் 3,086 வாழை நிற்கும். அதில் 33 சதவீதம் என்பது ஏறக்குறைய 1,018. வரப்புக்கு இந்தப் பக்கம் 1,000 வாழை இழந்தவருக்கு எதுவும் இல்லை. அந்தப் பக்கம் 1,030 இழந்தவருக்குத் தகுதி உண்டு. முப்பது மரத்தின் வேறுபாடு ஒரு குடும்பத்தைப் பட்டியலுக்கு உள்ளேயும் இன்னொன்றை வெளியேயும் வைக்கிறது. சேதத்தை விகிதப்படி அளந்து தொகையைப் படிப்படியாகக் கூட்டும் ஏற்பாடு இருந்தால் இந்தச் சிக்கல் எழாது.

தொகையின் அளவையும் அதே கணக்கில் பார்க்கலாம். ஹெக்டேருக்கு 17,000 ரூபாயை 3,086-ஆல் வகுத்தால் ஒரு வாழைக்கு ஐந்தரை ரூபாய். திசு வளர்ப்புக் கன்று ஒன்றை வாங்கவும் அது போதாது. உரம், களை, தண்ணீர், முட்டுக்கோல், கூலி எல்லாம் அதற்கு வெளியே. விதியை எழுதியவர்கள் நோக்கில் இது பிழையல்ல. அடுத்த விதைப்புக்குக் கைகொடுப்பதே மானியத்தின் வேலை, போன பயிரின் விலையைத் திருப்பித் தருவதல்ல. நெல்லுக்கும் சோளத்துக்கும் அந்த நோக்கம் ஓரளவு பொருந்தும். ஓராண்டு முதலைத் தாரில் கட்டி நிறுத்தும் வாழைக்கு, நேந்திரனை நம்பிக் கேரளச் சந்தைக்குக் கணக்குப் போட்டு வைத்திருப்பவருக்கு, அது பொருந்தவில்லை.

மரக்கணக்கில் நிவாரணம் தர இயலாது என்ற வாதத்துக்கு 2018 ஒரு மறுப்பு. அந்த ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையேறி, நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளை அடியோடு சாய்த்தது. தமிழக அரசு ஒரு தென்னைக்கு 600 ரூபாயும், விழுந்ததை வெட்டி அகற்ற 500 ரூபாயும் ஆக 1,100 ரூபாய் அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் அது 1,92,500 ரூபாய். அப்போதைய மத்திய விதிமுறையில் பல்லாண்டுப் பயிருக்கு இருந்தது ஹெக்டேருக்கு 18,000 ரூபாய்தான். விதி பத்தில் ஒரு பங்கு சொன்ன இடத்தில் அரசு மரத்தை எண்ணிக் கொடுத்தது. வெட்டி அகற்றுவதும் செலவுதான் என்பதையும் ஒப்புக்கொண்டது. மாவட்டங்களே சாய்ந்தபோது சாத்தியமானது, நான்கு கிராமங்களில் சாயும்போது கணக்கிலேயே வருவதில்லை. இழப்பின் அளவைவிட, இழப்பு எத்தனை பேருக்கு ஒரே நாளில் நேர்ந்தது என்பதே நிவாரணத்தைத் தீர்மானிக்கிறது.

பெயரின் குறை

மத்திய அரசின் பேரிடர்ப் பட்டியலில் புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், தீ, சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேக வெடிப்பு, பூச்சித் தாக்குதல், கடுங்குளிர் என 12 இனங்கள் உள்ளன. பெயரில்லாத கோடைச் சூறைக்காற்று அந்தப் பட்டியலில் தனி இனமாக இல்லை. மாநிலங்கள் நிதியில் 10 சதவீதம் வரை தங்கள் வட்டாரத்துக்கே உரிய பேரிடர்களுக்குச் செலவிடலாம் என்பது ஒரு வாசல். 2024-இல் தமிழ்நாடு வெப்ப அலையை அப்படித்தான் மாநிலப் பேரிடராக அறிவித்தது. கடலில் பிறந்து பெயர் சூட்டப்பட்ட காற்றுக்கும், மலையடிவாரத்தில் அரை மணி நேரம் சுழன்று போகும் காற்றுக்கும் வாழை வேறுபாடு அறியாது; கோப்பு அறியும்.

ஆளின் குறை

இந்த முறை நிலத்தைப் பார்க்கிறது, உழுதவரைப் பார்ப்பதில்லை. தகுதிக்கு அடிப்படை பட்டா. கொங்கு வட்டாரத்தில் வாழை பெரும்பாலும் நிறைய முதல் கேட்கும் பயிர். தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து வாழை வைப்பவர்கள் ஏராளம். குத்தகை பேச்சளவில் இருக்கும். 1969-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாய நிலக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் குத்தகைதாரர் பெயரைப் பதிய வழி செய்தும், பதிந்தால் நிலம் கைவிட்டுப்போகும் என்று உரிமையாளர் அஞ்சுவதால் நடைமுறையில் அந்தப் பதிவேடு உயிரோடு இல்லை. விளைவு, முதல் போட்டவர் வாழையை இழக்கிறார். பணம் பட்டாக்காரர் கணக்கில் ஏறுகிறது. அவர் மனசாட்சியே பிறகு நிவாரணத்தைப் பங்கிடுகிறது.

குடும்பத்துக்குள்ளும் இதே சிக்கல் உண்டு. பட்டா இறந்துபோன பெரியவர் பெயரில் கிடக்கும். அல்லது நான்கு அண்ணன் தம்பிகளின் கூட்டுப் பட்டாவாக இருக்கும். கணவரை இழந்த பெண் தோட்டத்தை நடத்தினாலும், வாரிசுச் சான்றும் பட்டா மாறுதலும் முடியாமல் அவர் பெயர் பட்டியலில் ஏறாது. சூறைக்காற்று அரை மணி நேரம். பட்டா மாறுதல் எத்தனை மாதம் என்பது அவரவர் அதிர்ஷ்டம். தார் வெட்டி, சுமந்து, லாரியில் ஏற்றிப் பிழைக்கும் கூலிக் குடும்பங்களோ பயிர்ச் சேதக் கணக்கில் இடம்பெற வழியே இல்லை.

ஆவணம் இல்லாதவரையும் சேர்க்க முடியும் என்பதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் காணாமல் போன மீனவர்கள் இறந்தவராகக் கருதப்பட ஏழாண்டு காத்திருக்க வேண்டும் என்ற பொது விதி, குடும்பங்களின் நிலை கருதித் தளர்த்தப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத் தரப்பட்டபோது, அட்டை இல்லாதவர்களும் விண்ணப்பிக்க இடம் தரப்பட்டது.

காலத்தின் குறை

சாய்ந்த வாழையை நிவாரணத்துக்காக எண்ண வேண்டுமானால் அது தோட்டத்தில் கிடக்க வேண்டும். பிஞ்சுத் தாரைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டுமானால் உடனே வெட்ட வேண்டும். அடுத்த பட்டத்துக்கு நிலம் வேண்டுமானால் தண்டையெல்லாம் அள்ள வேண்டும். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று எதிர். அலுவலர் வரும் வரை காத்திருந்தால் காய் கறுத்துவிடும். காத்திருக்காவிட்டால் ‘இங்கே என்ன சேதம்?’ என்ற கேள்வி வரும். போளுவாம்பட்டி வனச்சரகத்தை ஒட்டிய தோட்டங்களில் கூடுதலாக ஒரு தொல்லை: கீழே கிடக்கும் வாழை யானைக்கு விருந்து. யானை தின்ற பின், காற்று சாய்த்தது எது, யானை சாய்த்தது எது என்பது வருவாய்த் துறைக்கும் வனத்துறைக்கும் இடையிலான வழக்காகிவிடும். இரண்டுக்கும் நிவாரணம் தரும் துறைகள் வேறு.

காப்பீடு மாற்றாகுமா

2016-இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தோட்டக்கலைப் பயிருக்கு உழவர் செலுத்தும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம் வரை. தொகை மானியத்தைவிடப் பலமடங்கு என்பதால் இதுவே சரியான வழி என்று சொல்லப்படுவதுண்டு. ஆனால் திட்டத்தின் அடிப்படை, அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதற்குமான சராசரி விளைச்சல். சூறைக்காற்றோ கோடு கிழித்ததுபோல் போகும்; ஒரு தோட்டம் தரைமட்டமாகும், அடுத்தது அசையாமல் நிற்கும். சராசரியில் அந்த ஒரு தோட்டம் கரைந்துபோகிறது. தனித் தோட்டத்தை அளக்கும் பிரிவு, 72 மணி நேரத்துக்குள் தகவல் தரும் கட்டுப்பாட்டோடு, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வயலில் நீர் தேங்குதல், மேக வெடிப்பு, மின்னல் தீ ஆகியவற்றுக்கு வகுக்கப்பட்டது. காற்று அதில் இல்லை. ஆகவே வாழைக்காரர் இரண்டு பட்டியல்களின் இடைவெளியில் நிற்கிறார்.

மதிப்பீடு

ஏமாற்றைத் தடுப்பதில் இந்த முறை கெட்டி. இழப்பை அளப்பதில் மெத்தனம். பொதுப் பணத்தைக் காக்கும் முதல் வேலைக்கு வேண்டிய அடுக்குகள் அனைத்தும் அதில் உள்ளன. இழந்தவரை அடையாளம் கண்டு, இழந்த அளவுக்கேற்ப, பயன்படும் நேரத்தில் தருவது என்ற இரண்டாவது வேலைக்கு அது அமைக்கப்படவில்லை.

திருத்தம் பெரும் நிதியைக் கேட்பதல்ல. இடக்குறியும் நேரமும் பதியும் கைபேசிப் படத்தை முதல் சான்றாக ஏற்றால் உழவர் மறுநாளே தாரை வெட்டலாம். 2024-இல் வேளாண் கல்லூரி மாணவர்களைக் கொண்டு தமிழ்நாட்டில் நடந்த மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பில் நிலத்தோடு சாகுபடி செய்பவர் பெயரையும் ஆண்டுதோறும் சேர்த்தால், உரிமைக்குப் பங்கமின்றிக் குத்தகைதாரர் கண்ணுக்குத் தெரிவார். வாழைக்கு ஹெக்டேர்க் கணக்கை விட்டு மரக்கணக்கை வைத்தால் 33 சதவீதக் கத்தி முனை மழுங்கும்.

வராமல் தடுப்பது இன்னும் மலிவு. கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் காற்றுத் தடுப்புக்கென்றே சவுக்கு ரகங்களை உருவாக்கியிருக்கிறது. தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் சவுக்கு வரிசையும், தார் தள்ளிய வாழைக்கு முட்டுக்கோலும் இருந்தால் சேதம் குறையும். 15-ஆவது நிதிக்குழு பேரிடர் நிதியில் 20 சதவீதத்தைத் தணிப்புப் பணிக்கென ஒதுக்கச் சொன்னது. அதிலிருந்து முட்டுக்கோலுக்குத் தரும் உதவி, முறிந்த வாழைக்கு ஐந்தரை ரூபாய் தருவதைவிட உழவருக்கும் கருவூலத்துக்கும் லாபம்.