காயாவை முதலில் நடுங்கள்

பூச்செடியைப் பூவோடு வாங்கக் கூடாது. நர்சரிக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பூ நம் கண்ணைக் கட்டிவிடும். கையளவு பையில் தலை நிறையப் பூத்து நிற்கும் செடி, தேங்காய் நார்த்தூளிலும் நீரில் கரையும் உரத்திலும் வளர்ந்தது. இப்படிப்பட்ட செடிகளில் பல ஆந்திராவின் கடியம் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து லாரி ஏறி வந்திருக்கும். அங்கே கோதாவரியின் வண்டல், இங்கே வானூர், கிளியனூர்ப் பக்கத்துச் செம்மண். வந்த வேகத்தில் இரண்டு தரம் பூக்கும், முதல் சித்திரையில் முகம் சுருங்கும், அடுத்த சித்திரையில் இருக்காது. வாங்கும்போது பார்க்க வேண்டியது அடிப்பகுதியை. தூர் எத்தனை கிளையாகப் பிரிந்திருக்கிறது, பையின் அடியில் வேர் வெள்ளையாகத் தெரிகிறதா அல்லது பழுப்பேறிச் சுருண்டு கிடக்கிறதா, அடி இலைகள் தங்கியிருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். பூ தானாக வரும்.

கிளியனூரில் தோட்டம் போட நினைப்பவர் எந்தச் செடியை வாங்கலாம் என்று கேட்பதற்கு முன்னால், இந்த மண் யாரும் கேட்காமலே எதை வளர்த்தது என்று ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வர ஐயனார் கோயிலைச் சுற்றி ஒரு காடு இருக்கிறது. ஐயனாருக்குரிய மரத்தில் கை வைக்கக் கூடாது என்ற பயபக்தியால் தப்பிய காடு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் பிரெஞ்சு நிறுவனத்திலிருந்தும் தாவரவியலாளர்கள் பல காலமாக வந்து அளந்து பார்க்கும் இடம் அது. வறண்ட பசுமைமாறாக் காடு என்று அவர்கள் சொல்லும் இந்த வகை, சோழமண்டலக் கடற்கரையில் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வானம் வாய் திறக்காது. அத்தனை வறட்சியிலும் இலையைக் கொட்டாமல் பச்சையாக நிற்பதுதான் இந்தக் காட்டின் அதிசயம். உள்ளே போனால் வெயில் தரைக்கு வராது. ஆளுயரத்திலும் அதற்குக் கொஞ்சம் மேலும் கிளைகள் பின்னிக் கிடக்கும். அந்தப் பின்னலில் பெரும்பாலும் கண்ணில் படுவது காயா.

காயாவைக் காசா என்றும் காசான் என்றும் சொல்வார்கள். நம் இலக்கியத்தில் அதற்கு இருக்கும் இடம் பெரிது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டுப் பட்டியலில் அது உண்டு, முல்லை நிலத்து மலர்களில் அது முக்கியமானது, சங்கப் புலவர்கள் அதை மயிலின் கழுத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று கூப்பிடாத ஊரில்லை. ஆனால் அந்த வண்ணம் எது என்று கேட்டால் கையைக் காட்ட ஆளில்லை. படத்துக் கண்ணனின் நீலத்தைக் காட்டுவார்கள். செடி பத்து மைல் தள்ளி நின்றுகொண்டிருக்கும்.

அந்த நீலத்தை நேரில் பார்த்தவர்களுக்கு அச்சிட்ட நீலம் எதுவும் பிடிக்காது. காயாவின் பூ ஒன்று ஒன்றாகப் பார்த்தால் மிகச் சிறியது. நான்கே இதழ். மொட்டு குண்டூசித் தலை அளவுதான். ஆனால் அது நுனியில் பூப்பதில்லை. இலை உதிர்ந்த பழைய கிளைகளின் கணுக்களில், கட்டைப் பகுதியிலேயே, கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். அதனால் கிளையே நீலமாகிவிடும். காம்பிலும் புல்லியிலும் ஓர் இளஞ்சிவப்பு ஓடும். இதழ் ஊதாவை நோக்கிச் சாய்ந்த நீலம். உள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தாள்கள் வெயில் பட்டதும் அந்த நீலத்தை இன்னும் ஆழமாக்கும். மேலே இலை தடித்து, பளபளத்து, கரும்பச்சையாக மூடியிருப்பதால் பூவைப் பார்க்கக் குனிய வேண்டும். கோடையில் ஒரு மழை தட்டியதும் பக்கத்துப் பக்கத்துச் செடிகள் பேசி வைத்ததுபோல் சேர்ந்து பூக்கும். சில நாள்தான். பிறகு அடியில் தரை நீலமாகும். அதற்குப் பின் காய் கறுத்துப் பழமாகும், குயிலும் கொண்டலாத்தியும் வரும்.

ஆண்டில் சில நாள் பூக்கும் செடிக்கு இத்தனை வக்காலத்தா என்று கேட்கலாம். மீதி நாளெல்லாம் அது இலையால் அழகு. எந்த மாதத்திலும் வாடாத, பூச்சி அரிக்காத, புழுதி படிந்தாலும் ஒரு தூறலில் கண்ணாடியாகிவிடும் இலை. தோட்டத்தில் ஒரு செடியோடு நாம் வாழும் நாட்களில் பெரும்பாலானவை அது பூக்காத நாட்கள். அந்த நாட்களில் அது எப்படி நிற்கிறது என்பதுதான் என் முதல் கேள்வி. இந்தக் கேள்விக்குக் காயா சொல்லும் பதிலை நர்சரியின் எந்தக் குட்டைரகமும் சொன்னதில்லை.

வளர்ப்பதில் அது நம் பொறுமையைக் கேட்கும். விதையைச் சேர்த்து வைக்க முடியாது. பழம் பழுத்ததும் சதையைக் கழுவி உடனே ஊன்ற வேண்டும். நாற்று மெதுவாக வரும். முதல் ஒன்றிரண்டு ஆண்டு முழங்காலைத் தாண்டாமல் நின்று, கீழே வேர் ஓட்டிக்கொண்டிருக்கும். கோயில் காட்டில் பழம் பொறுக்க வேண்டாம், அது ஐயனாருக்கும் பறவைக்கும் உரியது. ஆரோவில் பக்கத்தில் உள்ளூர்க் காட்டினங்களை நாற்றாக வளர்க்கும் இடங்கள் இருக்கின்றன. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு வெட்டவெளிச் செம்மண்ணாக, மழைக்கு ஓடை ஓடையாக அரித்துக் கிடந்தது. முதலில் வேகமாக வளரும் அயல்நாட்டு அகேசியாக்களை வைத்து நிழல் உண்டாக்கினார்கள். பிறகு அந்த நிழலில் இந்த மண்ணின் மரங்களையும் புதர்களையும் கொண்டுவந்தார்கள். அதற்கு வித்தாக இருந்தவை இப்படிப்பட்ட கோயில் காடுகளே. பிச்சாண்டிக்குளம் காட்டையும் ஆரோவில் தாவரவியல் பூங்காவையும் ஒருமுறை சுற்றி வந்தால், எந்தச் செடி எவ்வளவு அகலம் அடைக்கும், எது நிழல் தாங்கும் என்பதெல்லாம் படிக்காமலே பிடிபடும்.

இரண்டாவது இடம் வெட்சிக்கு. இட்லிப்பூ என்றால்தான் பாதிப் பேருக்குத் தெரியும். மயிலம் மலை பக்கத்திலேயே இருக்கும்போது, முருகனுக்கு உகந்த இந்தப் பூவை இங்கே சிபாரிசு செய்யத் தேவையில்லை. நான் சொல்வது நாட்டு வெட்சியை. சிறிய இலையோடு கச்சிதமாக உருண்டு நிற்கும் குட்டை ரகங்கள் நடைபாதை ஓரத்துக்குச் சரி. நாட்டு வெட்சியின் கொத்து பெரியது, அதன் சிவப்பில் கொஞ்சம் மஞ்சள் கலந்திருக்கும், ஒரு கொத்து வாரக்கணக்கில் தாங்கும். பூவின் குழல் மெலிந்து நீண்டது. அடியில் இருக்கும் தேனை எட்ட வண்ணத்துப்பூச்சியின் நீண்ட உறிஞ்சுகுழல்தான் வேண்டும். ஆகையால் வெட்சி பூத்த தோட்டத்தில் காலை பத்து மணிக்கு வண்ணத்துப்பூச்சிகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. பூவைப் பிடுங்கிக் குழலின் அடியை உறிஞ்சிய பிள்ளைகளுக்கும் அந்தத் தேன் தெரியும்.

வெட்சியின் நோய் அனேகமாக ஒன்றே. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள், அது மேலும் மஞ்சளாகும். உண்மையில் அதற்கு இரும்புச்சத்து எட்டவில்லை. மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்பு கூடினால் வேரால் எடுக்க முடியாது. செம்மண்ணில் தானாக வளரும் செடியைப் புதுவீட்டு மதில் ஓரமாக, கட்டட வேலையில் சிந்திய சிமென்டும் சல்லியும் புதைந்த இடத்தில் நட்டால் இதுதான் நடக்கும். மதிலிலிருந்து மூன்றடியாவது தள்ளி, குழியில் இருக்கும் கட்டடக் கழிவை அள்ளிப் போட்டுவிட்டு, நல்ல செம்மண்ணும் மக்கிய தொழு எருவும் இலைமக்கும் இட்டு நட வேண்டும். உப்பும் சுண்ணாம்பும் கூடிய போர் தண்ணீர் உள்ள வீடுகளில் மழைநீரைப் பிடித்து இதற்கு ஒதுக்குவது நல்லது. வேலியாகக் கத்தரிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: வெட்சி கிளை நுனியில் பூப்பது. மாதம் ஒருமுறை சமமாக வெட்டினால் பச்சைச் சுவர்தான் மிஞ்சும்.

தோட்டத்தில் எந்த மூலை காய்ந்து, சரளையாக, தண்ணீர் எட்டாமல் கிடக்கிறதோ அதை ஆவாரைக்குக் கொடுத்துவிடலாம். தை பிறக்கும்போது காப்புக் கட்டக் கொத்துக் கொத்தாக ஒடித்து வரும் செடியைக் காசு கொடுத்து வளர்ப்பதா என்ற தயக்கம் பலருக்கு. ரோட்டோரத்தில் விளைகிறது என்பதற்காக ஒரு பூ மட்டமாகிவிடாது. இந்த மஞ்சளுக்கு நிகரான மஞ்சள் எந்தப் புட்டியிலும் இல்லை. ஆண்டின் பெரும்பகுதி பூத்துக்கொண்டே இருக்கும். ஒருகாலத்தில் சென்னை மாகாணத்துத் தோல் பதனிடும் தொழிலே இதன் பட்டையை நம்பித்தான் நடந்தது.

ஆவாரையிடம் கேட்க ஒரு விஷயம் உண்டு. அதன் பூவில் தேன் இல்லை, மகரந்தம் மட்டும்தான். அதுவும் நுனியில் ஓட்டை உள்ள பைகளில் அடைத்து வைத்திருக்கும். உப்புக் குலுக்கியைப்போல் குலுக்கினால்தான் கொட்டும். கருவண்டு வந்து பூவைக் கட்டிப் பிடித்து, இறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது இருந்த ரீங்காரம் பூவில் உட்கார்ந்ததும் சட்டென்று உச்சத்துக்கு ஏறும். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலே வண்டு எப்போது பறக்கிறது, எப்போது பூவில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இந்த இசைக்காகவே ஆவாரையை உட்காரும் திண்ணைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். நாற்றாகப் பிடுங்கி நட்டால் சங்கடப்படும், ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி. விதையின் தோல் கல்லுபோல் இருக்கும். கொதித்து இறக்கிய நீரை ஊற்றி, ஓர் இரவு ஊறவைத்து, நிற்க வேண்டிய இடத்திலேயே ஆடியில் ஊன்றிவிட வேண்டும். மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் புழு இலையைத் தின்னும். தின்னட்டும். அடுத்த மழையில் துளிர்த்துவிடும்.

நந்தியாவட்டையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், தெரியாதவர் இல்லை. அடுக்கு நந்தியாவட்டையைவிட ஒற்றை எனக்கு உசத்தி. ஐந்து இதழும் ஒரே பக்கமாகத் திரும்பிக் காற்றாடி போல நிற்கும் அந்த ஒழுங்கு அடுக்கில் கசங்கிவிடுகிறது. மற்ற பூச்செடிகள் மறுக்கும் அரை நிழலிலும் பூக்கும். மாட்டுக்கொட்டகை ஓரமும் கிணற்றடியும் இதற்கு ஏற்ற இடம். ஆடி, ஆவணியில் விரல் பருமன் குச்சியைச் சாய்த்து ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் இலை காணாமல் போனால், பச்சை உடம்பில் முன்பக்கம் நீலக் கண்கள் வரைந்த ஒரு பெரிய புழுவைத் தேடிப் பாருங்கள். அரளியையும் இதையும் தின்று வளர்ந்து அழகான பச்சை அந்துப்பூச்சியாகப் போவது. மருந்தடிக்க வேண்டாம், செடி அதைத் தாங்கும்.

அரளிக்கு நான் எதிரி அல்ல. சென்னை, திண்டிவனம் நெடுஞ்சாலையின் நடுவில் வைகாசி வெயிலில் வேறெது பூக்கும்? திருவக்கரை வக்கிரகாளியம்மனுக்குச் செவ்வரளி மாலை வேண்டும். ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. சிறு பிள்ளைகளும் ஆட்டுக்குட்டியும் ஓடும் வீட்டில் அதற்கு இடமில்லை என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. காகிதப்பூவுக்கும் இங்கே இடம் ஒதுக்கவில்லை. அது தன் நிறத்தால் பக்கத்துச் செடிகளை வாய் திறக்க விடாது.

நடும் காலம் புரட்டாசிக் கடைசி. இரண்டடிக்கு இரண்டடிக் குழியைக் கோடையிலேயே வெட்டி வெயில் காட்டி வைத்திருந்தால், வடகிழக்குப் பருவமழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். சுருண்ட வேரை விரலால் பிரித்து, பிரியாததைக் கத்தரித்து, பையில் இருந்த மட்டத்துக்கே நட வேண்டும். காயாவுக்கும் வெட்சிக்கும் இடையே குறைந்தது ஆறடி. முதல் ஆண்டு வெற்றிடமாகத் தெரியும் அந்த இடத்தில் கனகாம்பரம் போட்டு வைக்கலாம். இரண்டு மூன்று ஆண்டு பூத்துத் தலைக்கும் ஆகும், பெரிய செடிகள் விரியும்போது விலகியும் கொள்ளும். தரையைப் பெருக்கிச் சுத்தமாக வைக்காதீர்கள். உதிர்ந்த இலையைச் செடியடியிலேயே நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டால் முதல் இரண்டு கோடைக்கும் வாரம் ஒருமுறை தண்ணீர் போதும். மூன்றாம் கோடையில் காயாவும் ஆவாரையும் உங்கள் குடத்தை எதிர்பார்க்காது.

கவாத்து விஷயத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. நந்தியாவட்டையைத் தையில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம். வெட்சியில் வாடிய கொத்தைக் கீழிருக்கும் இலை ஜோடிக்கு மேல் கிள்ளினால் அங்கிருந்து இரண்டு கிளை வரும், இரண்டு கொத்து வரும். ஆவாரையைக் காய் முற்றியதும் இடுப்பளவுக்கு வெட்டிவிடலாம். காயாவைத் தொடக் கூடாது. வடிவம் கோணலாகத் தெரிகிறதே என்று வயதான கிளையைக் கழித்தால், அடுத்த கோடையில் நீலம் வரவேண்டிய கணுக்களைத்தான் கழிக்கிறீர்கள். பட்டுப்போன கிளை தவிர வேறெதிலும் கத்தி படக் கூடாது. தோட்ட வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் இதை முதல் நாளே அவரிடம் சொல்லி, செடியைக் கையால் தொட்டுக் காட்டிவிடுவது நல்லது.