மூச்சும் மின்சாரமும்

திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபத் திருவிழாவில் பஞ்சமூர்த்திகள் மாட வீதிக்குப் புறப்படும் நேரத்தில் நாகஸ்வரத்தில் கம்பீரநாட்டை மல்லாரி எழுகிறது. மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. தாளமும் காலப்பிரமாணமும் மூச்சும் கொண்டே வீதியை எழுப்பி நிறுத்தும் உருப்படி அது. சொல்லின் துணையில்லாத ஒரு கருவி, அதிலும் மின்சாரத்தோடு கூட்டுச் சேரும் கருவி, எதைப் பற்றிக்கொண்டு பேசுகிறது? அந்தத் தடத்தைத் தேடிக் கொஞ்சம் தொலைவு போய்வரலாம்.

நில்ஸ் பெட்டர் மோல்வேர், 1960இல் பிறந்த நார்வே நாட்டு ட்ரம்பெட் கலைஞர். ஜாஸ் குழுக்களில் வாசித்துத் தேறியவர், 1997இல் இசிஎம் நிறுவனம் வெளியிட்ட 'க்மெர்' இசைத்தட்டில் கணினித் தாளத்துக்கும் மின் கிதாருக்கும் நடுவே தன் ட்ரம்பெட்டை வைத்தார். பித்தளை முழக்கம் அதில் குறைவு. காற்று கலந்த, அடங்கிய தொனி. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் நடை. நம் காதுக்கு அது உடனே பிடிபடுகிறது. காரணம் இருக்கிறது.

இந்த நடைக்கு முன்னோடி அமெரிக்க ட்ரம்பெட் கலைஞர் ஜான் ஹாசல் (1937–2021). அவர் 1970களில் பண்டிட் பிரான் நாத்திடம் கிரானா கரானா என்ற இந்துஸ்தானி மரபைப் பயின்றார். குரு பாடகர். அவர் பாடப் பாட, அந்தக் குரலின் வளைவுகளை ஹாசல் தன் உதட்டில் தேடினார். மின்னணு ஒலிகளை அதன்மேல் அடுக்கி, இசைத் தயாரிப்பாளர் பிரையன் ஈனோவுடன் சேர்ந்து 'போர்த் வேர்ல்டு' தட்டை வெளியிட்டது 1980இல். அடியில் பாட்டு, மேலே மின்சாரம். கிரானாவும் நமக்கு அந்நியமல்ல. அதன் பெருமேதை அப்துல் கரீம் கான் தென்னாட்டு இசையை விரும்பிக் கேட்டவர். 1937இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில் சிங்கப்பெருமாள்கோயில் ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கேயே உயிர்நீத்தார்.

நம் பக்கத்தில் இதே வழியை இன்னும் ஆழமாக நடந்தவர் மேண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014). மேண்டலின் எட்டுத் தந்திக் கருவி. தந்தியை மீட்டியதும் ஒலி தேய்ந்துவிடும். கமகத்துக்குத் தேவையான நீண்ட கார்வை அதில் நிற்காது. ஸ்ரீநிவாஸ் மின் மேண்டலினை எடுத்துக்கொண்டு, தந்திகளை ஐந்து ஒற்றைத் தந்திகளாகக் குறைத்தார். ஒலிபெருக்கியின் தயவால் சுரம் நின்றது. நின்ற சுரத்தை விரலால் அசைக்க முடிந்தது. ஆனால் எப்படி அசைப்பது என்பதை எந்தக் கருவியும் அவருக்குச் சொல்லவில்லை. அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர், மேண்டலின் வாசிக்கத் தெரியாதவர். அவர் பாடுவார், சிறுவன் அதை வாசிப்பான். அந்த அஸ்திவாரம் இருந்ததால்தான் 1995இல் கிதார் கலைஞர் மைக்கேல் புரூக்குடன் 'ட்ரீம்' தட்டில் மின்னணு ஒலிப்படலத்தின் நடுவே நின்றபோதும் அவர் கை தடுமாறவில்லை. அந்தத் தட்டு முழுவதும் ஒரே தரம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. படலம் தடித்த இடங்களில் ராகம் பின்வாங்குகிறது. மெலிந்த இடங்களில் அபாரம்.

எல். சங்கரும் வாய்ப்பாட்டில் தொடங்கி வயலினுக்கு வந்தவர். கிதார் கலைஞர் ஜான் மெக்லாலினின் 'சக்தி' குழுவில் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமுடன் வாசித்தவர், பிறகு பத்துத் தந்தி இரட்டை வயலினைக் கையில் எடுத்தார். 1983இல் வந்த 'விஷன்' தட்டில் நார்வேயின் சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பரெக்கும் டென்மார்க்கின் ட்ரம்பெட் கலைஞர் பாலே மிக்கல்போர்க்கும் அவருடன் இருக்கிறார்கள். மிருதங்கமோ தபலாவோ இல்லை. 'க்மெர்' வருவதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே வடதேசத்துக் காற்றும் நம் கமகமும் இப்படிச் சந்தித்திருக்கின்றன. கத்ரி கோபால்நாத்தின் கதையும் இந்த வரிசையில்தான் சேரும்: நாகஸ்வர வித்வானின் மகன், சாக்ஸபோனுக்குப் போனவர், டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றவர்.

நாகஸ்வரமே மாறாத கருவி அல்ல. உயர்ந்த சுருதித் திமிரியில் சுத்த மத்தியமம் சரியாகப் பேசாது என்ற குறையைத் தீர்க்க, நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையும் கருவி செய்யும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் கருவியை நீட்டிப் பாரி நாகஸ்வரத்துக்கு வழிசெய்தார்கள். ராஜரத்தினம் முதலில் பாட்டுப் பயின்றவர். தொண்டை கேட்டதைக் கருவி தர மறுத்தபோது கருவியைத்தான் மாற்றினார். என் அளவுகோல் இதுதான். சீவாளியோ ட்ரம்பெட்டோ ஐந்து தந்தியோ, எந்தப் புதுமையும் ஒரு குரலின் தேவையிலிருந்து பிறந்ததா என்று பார்க்க வேண்டும். ராக ஆலாபனைக்கு அடியில் ட்ரம் மெஷினை ஓடவிட்டு அதற்கு 'ஃப்யூஷன்' என்று பெயர் வைக்கும் பலர், ராகம் மூச்சு வாங்கும் இடத்தில்கூட மெஷினை நிறுத்துவதில்லை.

இயந்திரம் என்றாலே தள்ள வேண்டும் என்பதும் சரியல்ல. மூச்சை மாற்றி மாற்றி இழுத்து ஒற்றைச் சுரத்தை மணிக்கணக்கில் பிடித்த ஒத்துக்காரரின் இடத்தில் இன்று சுருதிப் பெட்டி ஒலிக்கிறது. ஒரு பிழைப்பு போயிற்று, அது வருத்தம். ஆனால் வாசிப்பவரின் சுருதி காக்கப்படுகிறது. மேளக்காரர் இல்லாத பல சிறு கோயில்களில் தீபாராதனைக்கு அடிக்கும் மின்சார மேளம் வேறு ரகம். அதற்கு விளம்பமும் இல்லை, துரிதமும் இல்லை. முன்னால் சுவாமி நகர்ந்தாலும் நின்றாலும் ஒரே அடி. அது வாசிப்பவருக்குத் துணை நிற்கவில்லை, அவர் இடத்தையே பிடித்துக்கொண்டது.

திருவண்ணாமலையின் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாகஸ்வரமும் தவிலும் பயிலும் பிள்ளைகளுக்கு ராஜரத்தினத்தின் தோடியையும் காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பையும் காது நிறையக் கொடுத்த பிறகு 'விஷன்', 'ட்ரீம்', 'க்மெர்' மூன்றையும் கேட்கக் கொடுக்கலாம். கூடவே, நாகஸ்வரத்தின் விரிந்த அடிவாயான அனசு மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், எதிரொலியைக் கூட்டினால் பிருகா எந்த இடத்தில் மங்கும் என்பதையும் அவர்களுக்கு முறையாகக் கற்றுத்தர வேண்டும். இன்று மேடையில் அதையெல்லாம் முடிவு செய்பவர் சவுண்ட் சர்வீஸ்காரர்.