சுவரொட்டி சொன்னதும் கண் கண்டதும்

செஞ்சியை அடுத்த மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலில் ஒரு கல்வெட்டு உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி இக்கோயிலை அமைத்ததாக அரசன் அதில் அறிவிக்கிறான். எதிரே நிற்பவர் பாறையைப் பார்த்தே அது மெய்யா என அறிந்துகொள்ளலாம். போர்க்காலச் சுவரொட்டிகளும் அரசின் அறிவிப்புகளே. அவற்றையும் இதே வகையில் சோதித்துப் பார்ப்பது பயனுடையது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் உணவு அமைச்சகம் 'காரட் வைத்தியர்' என்னும் வேடிக்கைச் சித்திரத்தை வெளியிட்டது. கையில் வைட்டமின் 'ஏ' பையுடன் ஒரு காரட் நடந்து வரும். இருட்டடிப்பு இரவுகளில் கண் தெரியக் காரட் உதவும் என்று சுவரொட்டிகள் கூறின. இரவில் எதிரி விமானங்களை வீழ்த்திய ஜான் கன்னிங்ஹாம் போன்ற விமானிகளின் கூரிய பார்வைக்கும் காரட்டே காரணம் என்ற செய்தி பரவியது.

உண்மைக் காரணம் வேறு. அவர்களது விமானத்திலேயே ராடார் இருந்தது. சுமார் 1.5 மீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலைகள் எதிரி விமானத்தில் பட்டுத் திரும்பி, அதன் தொலைவையும் திசையையும் காட்டின. வைட்டமின் 'ஏ' குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது மெய்தான். ஆனால், குறைவில்லாதவர் கூடுதலாகத் தின்பதால் பார்வை கூர்மையாகிவிடாது. பாதி உண்மை என்பதாலேயே இச்சுவரொட்டி வெற்றி பெற்றது. ராடாரோ இரகசியம், பொதுமக்கள் சோதித்துப் பார்க்க வழியே இல்லை.

இனிச் சென்னைக்கு வருவோம். மக்களின் மன உறுதியைக் காக்கவும் வதந்தியை ஒழிக்கவும் 1942-இல் 'தேசியப் போர் முன்னணி' தொடங்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. பர்மாவிலிருந்து கப்பலிலும் கால்நடையாகவும் தப்பி வந்தவர்கள், தாங்கள் பட்ட பாட்டை வீடுதோறும் சொல்லியிருந்தனர். அரசு அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மூட்டைகளோடு அலுவலகம் புறப்படுவதைக் கண்டவரிடம் 'அஞ்சாதே' என்றால் எடுபடுமா? இலட்சக்கணக்கானோர் நகரை விட்டு வெளியேறினர்.

இவ்விரண்டையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். சுவரொட்டியின் வலிமை சித்திரத்தில் மட்டும் இல்லை. பார்ப்பவரின் அனுபவத்திலும் இருக்கிறது. கண்ணெதிரே பொய்த்துப்போகும் சொல் மன உறுதியைத் தராது. சொன்னவர் மீதிருந்த நம்பிக்கையையும் கெடுக்கும். சோதிக்க முடியாத சொல்லோ நிலைத்துவிடும். போர் முடிந்து எண்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் காரட் தின்றால் இருட்டில் கண் தெரியும் என்று நம்புவோர் உண்டு.

நெருக்கடிக் காலத்தில் மக்களுக்கு ஊக்கம் தேவைதான். ஆயினும் எந்த அறிவிப்பைக் கண்டாலும், "இதை நான் எப்படிச் சோதிப்பது?" என்று கேட்கும் பழக்கத்தை நாம் கைவிடலாகாது. விடை கிடைக்காவிட்டால், நம்புவதற்குச் சற்றுப் பொறுத்திருப்பதே அறிவுடைமை.